ஒன்றரை முழ வித்தியாசம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பர்மாவின் மோல்மீனிலிருந்து எழுதுகிறேன். தை மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு முதல்முறையாகத் தாத்தாவின் ஊருக்குப் போகிறேன். காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவே ஒரு கிராமம். தாத்தா 1934இல் அங்கிருந்து கிளம்பி, சென்னையில் கப்பலேறி ரங்கூன் வந்து, பிறகு மோல்மீனில் தங்கியவர். அம்மாவுக்கு 76 வயது, முழங்கால் வலி உண்டு.

ஊரில் உள்ள சொந்தக்காரர்கள் "சென்ட்ரலில் ஏறினால் விடிகாலை காரைக்குடி" என்கிறார்கள். அவர்களே எடுத்து அனுப்பிய போட் மெயில் டிக்கெட்டில் எழும்பூர் என்று இருக்கிறது. இரண்டும் ஒரே ஸ்டேஷனின் பெயர்களா? சாமான்களை வைக்க இடம், தங்க அறை உண்டா? திரும்பி வரும் டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. தட்கலில் எடுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். எழும்பூர் ஸ்டேஷன் பழைய அரண்மனை என்கிறார்களே, உண்மையா? பர்மா பஜார் பக்கம்தானா? நம்முடைய பொம்மை ரயிலில் குலுங்கியே பழகிவிட்டோம், இந்தியாவில்தான் நிஜ ரயிலைப் பார்க்கப்போகிறோம் என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அம்மா ஒன்று கேட்கச் சொன்னார்: அவருடைய அப்பா அன்றைக்கு வந்து இறங்கிய ஸ்டேஷன் இன்னும் இருக்கிறதா?

ச., மோல்மீன்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் ஒரு சொல் என்னைத் தைத்துவிட்டது. அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். முதலில் டிக்கெட்.

டிக்கெட் சரி, சொந்தக்காரர்கள் சொன்னது தவறு. எழும்பூர் வேறு, சென்ட்ரல் வேறு. இடையில் இரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் வண்டி கிளம்பப் பத்து நிமிடம் இருக்கும்போது, முழங்கால் வலியுள்ள அம்மாவையும் நாலு மூட்டைகளையும் வைத்துக்கொண்டு தவறான வாசலில் நிற்பவருக்கு அந்த இரண்டு கிலோமீட்டர் கடக்க முடியாத தூரம். இங்கிருந்து போகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுவே. டாக்ஸியில் ஏறி வெறுமனே "ஸ்டேஷன்" என்று சொல்லாதீர்கள். "எழும்பூர், காந்தி இர்வின் ரோடு பக்கம்" என்று முழுசாகச் சொல்லுங்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கமும் எழும்பூருக்கு ஒரு வாசல் இருக்கிறது. அங்கே இறக்கிவிட்டால் தண்டவாளங்களுக்கு மறுகரையில் நிற்பீர்கள்.

டிக்கெட்டைக் கையில் எடுங்கள். புறப்படும் ஊரின் பெயரை ஒட்டி ஆங்கில எழுத்துகள் இருக்கும். எம்.எஸ் என்றால் எழும்பூர். எம்.ஏ.எஸ் என்றால் சென்ட்ரல். நடுவில் ஓர் 'ஏ' நுழைந்தால் ஸ்டேஷனே மாறிவிடும். டி.பி.எம் என்றிருந்தால் தாம்பரம், அது ஊருக்குத் தெற்கே வெகுதூரம். சென்ட்ரலுக்கு 2019இலிருந்து புரட்சித்தலைவர் டாக்டர் எம்.ஜி.ராமச்சந்திரன் சென்ட்ரல் என்று முழுப்பெயர். அறிவிப்பில் அந்த நீண்ட பெயரைக் கேட்டு மூன்றாவது ஸ்டேஷன் ஒன்று இருப்பதாக மிரள வேண்டாம். எழும்பூரைப் புதுப்பிக்க 2022 மே மாதம் அடிக்கல் நாட்டினார்கள். அந்த வேலைக்காகச் சில வண்டிகளைத் தாம்பரத்திலிருந்து புறப்பட வைத்திருக்கிறார்கள். ஆகவே இரண்டு நாள் முன்பு ஒருமுறையும் பயணத்தன்று காலை ஒருமுறையும் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். எண் 16851. போட் மெயில் என்பது ஊரார் வாயில் வாழும் பெயர். அதைப் போட்டுத் தேடினால் குழப்பம்தான்.

எந்த ஊர் வண்டி எங்கே நிற்கும் என்பதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. அந்தத் தடத்தை எந்தக் கம்பெனி போட்டது என்று தெரிந்தால் போதும். மெட்ராஸ் ரயில்வே கம்பெனி 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை வண்டி விட்டது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அதுதான். அகல ரயில்பாதை. அது மேற்கே நீண்டு ஜோலார்பேட்டை, சேலம், ஈரோடு, போத்தனூர் வழியாக 1862இல் மலையாளக் கரையில் பேப்பூர் போய்ச் சேர்ந்தது. ராயபுரத்தில் நெரிசல் தாங்காமல் 1873இல் கட்டியது சென்ட்ரல். தெற்கே போனது வேறு கம்பெனி. 1874இல் உருவான தென்னிந்திய ரயில்வே, திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு விழுப்புரம், மாயவரம், தஞ்சாவூர், மதுரை, தூத்துக்குடி என்று மீட்டர் கேஜில், அதாவது ஒரு மீட்டர் அகலத் தடத்தில், பரவியது. அதன் சென்னைத் தலைவாசல் எழும்பூர். இரண்டு கம்பெனிகளின் பாதைகளும் 1951இல் தெற்கு ரயில்வேயில் கரைந்துபோயின. ஆனாலும் இன்றைக்கும் கோவை, சேலம், ஈரோடு போகிறவர் பெரும்பாலும் சென்ட்ரலில் ஏறுகிறார்; திருச்சி, மதுரை, நெல்லை, ராமேஸ்வரம் போகிறவர் எழும்பூரில் ஏறுகிறார். மதுரைக்குச் சென்ட்ரலிலிருந்தும் ஒரு வண்டி உண்டு. அது காட்பாடி, சேலம், கரூர் என்று மேற்கே சுற்றிக்கொண்டு போகும். சேலம் வரை பழைய கம்பெனியின் தடம் அது. காரைக்குடி தென்னிந்திய ரயில்வேயின் பிள்ளை. எழும்பூர்தான்.

மீனம்பாக்கத்தில் விமானம் இறங்கியதும் இரண்டு வழிகள். மெட்ரோவில் நீல வழித்தடத்தில் ஏறி, ஆலந்தூரில் பச்சை வழித்தடத்துக்கு மாறி எழும்பூரில் இறங்கலாம். அல்லது மாறாமல் நேரே சென்ட்ரல் வரை போய், அங்கே பச்சைக்கு மாறினால் அடுத்த நிறுத்தமே எழும்பூர். ஆலந்தூரோ சென்ட்ரலோ, எதில் மாறினாலும் லிஃப்ட் உண்டு. அம்மாவைப் படி ஏறவிடாதீர்கள். இன்னொன்று, விமான நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கும் திரிசூலம் ஸ்டேஷனில் கடற்கரை போகும் மின்சார ரயில். மலிவு, நேரே எழும்பூர். காலையிலும் மாலையிலும் அலுவலகக் கூட்டத்தில் பெரிய பெட்டிகளோடு அதில் ஏற நினைக்கவே வேண்டாம்.

சாமான்களை கிளாக் ரூமில் வைக்கலாம். பூட்டு இல்லாத பையை வாங்கமாட்டார்கள். ஜிப்பை இழுத்து மூடியிருப்பது பூட்டு ஆகாது. ரங்கூனிலேயே நாலு சின்னப் பூட்டுகள் வாங்கிக்கொள்ளுங்கள். பயண டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் காட்ட வேண்டும். தின்பண்டம் உள்ளே வைத்துக் கொடுக்காதீர்கள். மீன் விழுதான ஙப்பி டப்பா இருந்தால் அது உங்கள் கையிலேயே இருக்கட்டும். ரசீதைத் தொலைத்தால் மூட்டையைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு, செல்போனில் உடனே ஒரு படம் எடுத்துவிடுங்கள். தங்கும் அறையை டிக்கெட்டின் பத்து இலக்க பி.என்.ஆர். எண்ணை வைத்துத்தான் முன்பதிவு செய்ய முடியும். டிக்கெட் உறுதியாகியிருக்க வேண்டும், குறைந்தது ஆர்.ஏ.சி. (படுக்கை உறுதியாகாமல் உட்கார இடம் மட்டும்) ஆகவாவது இருக்க வேண்டும். அறைகள் கொஞ்சம், கேட்பவர் அதிகம். கிடைக்காது என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

சாமான் எடைக்குக் கணக்கு உண்டு. சிலீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் ஆளுக்கு 40 கிலோ, இரண்டடுக்கு ஏ.சி.யில் 50 கிலோ. அதற்கு மேல் போனால் லக்கேஜ் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். பதியாமல் பெட்டிக்குள் அடைத்தால் அபராதம் கட்டணத்தைப்போலப் பல மடங்கு. சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு கைலி, ஆளுக்கொரு முகத்தில் பூசும் தனாக்கா என்று மூட்டை கட்டுவீர்கள், தெரியும்.

அம்மாவுக்குக் கீழ்ப்படுக்கை வேண்டும். மூத்த குடிமக்களுக்கென்று தனி ஒதுக்கீடு இருக்கிறது, ஆனால் உங்களையும் சேர்த்து ஒரே டிக்கெட்டாக எடுத்தால் அது கிடைக்காது. பொது ஒதுக்கீட்டில் எடுத்து, விருப்பத்தில் கீழ்ப்படுக்கை என்று குறிக்கச் சொல்லுங்கள். அம்மாவின் வயதை அவருடைய பாஸ்போர்ட்டில் உள்ளபடியே போடவேண்டும், ஊரில் வாய்க்கணக்காகச் சொல்லும் வயதை அல்ல. மேல்படுக்கை வந்துவிட்டாலும் பதறாதீர்கள். டிக்கெட் பரிசோதகரிடம் தன்மையாகக் கேளுங்கள். எதிரே இருக்கும் இளைஞரிடமும் கேளுங்கள். தமிழ்நாட்டில் பாட்டிக்குக் கீழ்ப்படுக்கையை விட்டுக்கொடுக்காத பிள்ளைகள் குறைவு.

தட்கலை மறந்துவிடுங்கள். 2025 ஜூலையிலிருந்து அதை எடுப்பவருக்கு ஆதார் சரிபார்ப்பு கட்டாயம், உங்களிடம் ஆதார் கிடையாது. முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பு திறக்கும். திரும்பும் டிக்கெட்டைச் சீக்கிரமே எடுத்துவிடுங்கள். இணையத்தில் எடுத்த காத்திருப்பு டிக்கெட் பட்டியல் தயாராகும்வரை உறுதியாகாவிட்டால் தானாக ரத்தாகிவிடும். அதைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டியில் ஏறினால் இறக்கிவிடுவார்கள். வெளிநாட்டுப் பயணிகளுக்கென்று தனி முன்பதிவுப் பிரிவு சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்தில் இருக்கிறது. பாஸ்போர்ட்டோடு நேரில் போக வேண்டும்.

அரண்மனை இல்லை, தம்பி. ரயில் நிலையமாகவே கட்டியது. 1905இல் தொடங்கி 1908 ஜூனில் திறந்தார்கள். வரைந்தவர் ஹென்றி இர்வின், கட்டிய ஒப்பந்ததாரர் பெங்களூர் சாமிநாத பிள்ளை, செலவு 17 லட்சம் ரூபாய். பர்மா பஜார் கடற்கரை ஸ்டேஷனுக்கு எதிரே. போய் நம்மூர் நூடுல்ஸான அத்தோ சாப்பிட்டு வாருங்கள்.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன். பொம்மை ரயில்.

எங்கே கற்றீர்கள் இதை? நம் பிள்ளைகள் எல்லோரும் இப்போது இதைச் சொல்கிறார்கள். ரங்கூனின் தமுவே ஸ்டேஷனில் வட்ட ரயில் வந்து நிற்கும்போது பக்கத்தில் நிற்கிற தமிழ்ப்பிள்ளை செல்போனில் வந்தே பாரத் படத்தைக் காட்டி "இது ரயில், அது பொம்மை" என்கிறது. சில நாட்களாக என் மனம் இதையே சுற்றிக்கொண்டிருந்தது, உங்கள் கடிதமும் அதையே சொல்லிவிட்டது. நீங்கள் நல்ல பிள்ளை, அம்மாவை அழைத்துக்கொண்டு போகிறீர்கள். ஆனால் இந்த ஒரு சொல்லால் உங்கள் தாத்தாவின் பாதையையே கேலி செய்கிறீர்கள் என்று தெரியாமல் எழுதியிருக்கிறீர்கள்.

மோல்மீன் ஸ்டேஷனில் இரண்டு தண்டவாளங்களின் உள்விளிம்புக்கும் உள்விளிம்புக்கும் நடுவே அளவு நாடா பிடித்தால் 1,000 மில்லிமீட்டர். எழும்பூரில் இன்று பிடித்தால் 1,676. வித்தியாசம் 676 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒன்றரை முழம். நீங்கள் பொம்மை என்றும் நிஜம் என்றும் பிரிப்பது இந்த ஒன்றரை முழத்தை வைத்துத்தான். அந்த எழும்பூரோ 1908இல் திறந்த நாளிலிருந்து ஏறக்குறைய 90 ஆண்டுகள் நம்முடைய இதே 1,000 மில்லிமீட்டர் தண்டவாளத்தில்தான் வண்டி விட்டது. போட் மெயில் அதில்தான் ஓடிற்று. 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் அது எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி வரை போகும், அங்கே கப்பலேறித் தலைமன்னார் போவார்கள். 1964 புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோகும்வரை இப்படி. 1977இல் எழும்பூருக்கும் மதுரைக்கும் வைகை எக்ஸ்பிரஸ் விட்டார்களே, பகலிலேயே மதுரைக்கும் சென்னைக்கும் போக வைத்த வண்டி, அதுவும் மீட்டர் கேஜ். சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் 1931இலேயே மின்சார ரயில் விட்டார்கள், அதுவும் மீட்டர் கேஜ். அந்தத் தடத்தில் கடைசி மீட்டர் கேஜ் வண்டி ஓடியது 2004இல். சில ஆண்டுகள் எழும்பூரில் இரண்டு அகலங்களும் பக்கம் பக்கமாகவே கிடந்தன.

இந்த அளவு எப்படி வந்தது? 1870இல் வைஸ்ராய் மேயோ பிரபு, இனிப் போடும் பாதைகளைச் செலவு குறைவாகப் போட வேண்டும் என்று அகலத்தைக் குறைத்தார். முதலில் மூன்றடி மூன்றங்குலம் என்று இருந்தது. அப்போது இந்தியாவில் மெட்ரிக் அளவைக் கொண்டுவரும் யோசனை இருந்ததால் அதைச் சரியாக ஒரு மீட்டர் ஆக்கினார்கள். ரங்கூன் இருக்கும் கீழ்ப்பர்மாவும் அன்று அதே ஆங்கில ஆட்சியின் கீழ். ரங்கூனிலிருந்து ப்ரோமுக்கு 1877 மே 1ஆம் தேதி முதல் வண்டி போனபோது இங்கே போட்டதும் அதே ஒரு மீட்டர். தென்னிந்திய ரயில்வே தெற்கே இறங்கியதும் அதே பத்தாண்டில். ஆக எழும்பூர்த் தண்டவாளமும் ரங்கூன் தண்டவாளமும் ஒரு வயிற்றில் பிறந்தவை. ஒன்றைப் பிறகு அகலப்படுத்தினார்கள், மற்றொன்றை அப்படியே விட்டார்கள்.

பின் ஏன் இந்தியா மாற்றியது என்பீர்கள். மாற்றியதற்குக் காரணம் குறுகல் இல்லை, இரண்டு அகலங்கள் ஒரே நாட்டில் இருந்தது. சேலம் பக்கத்திலிருந்து அகலப் பாதையில் வரும் சரக்கு, மீட்டர் கேஜ் தொடங்கும் இடத்தில் நின்றுவிடும். ஒவ்வொரு மூட்டையையும் ஆள் வைத்துத் தோளில் தூக்கி அடுத்த வண்டிக்கு மாற்ற வேண்டும். அதில் கூலி, தாமதம், ஓட்டை விழுந்த சாக்கு, களவு. இங்கே எஞ்சின்கள் சும்மா நிற்கும், அங்கே எஞ்சின் இல்லாமல் சரக்கு கிடக்கும், ஒன்றை மற்றதற்கு அனுப்ப முடியாது. சென்ட்ரலுக்கு வந்து இறங்கிய பயணிக்கும் அதே கதை: ஜட்கா பிடித்து எழும்பூர் போக வேண்டும். இதற்காகத்தான் 1992இல் எல்லாம் ஒரே கேஜ் என்ற திட்டம் தொடங்கியது. பர்மாவிலோ நாடு முழுக்க ஒரே அகலம். அந்த வியாதியே இங்கே இல்லை.

குலுங்குகிறதே என்பீர்கள். குலுங்குகிறது. நானும் அதை மறுக்கவில்லை. ஆனால் ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தண்டவாளத்தின் அகலத்தின் மேல் பழி போடுவது அப்படி. ரயில் ஏன் ஆடுகிறது என்று கொஞ்சம் குனிந்து பார்க்க வேண்டும். தண்டவாளம் குறுக்குக் கட்டைகளின் மேல் கிடக்கிறது, கட்டைகள் ஜல்லியின் மேல் கிடக்கின்றன. ஜல்லி உடைத்த கருங்கல்லாக, முனை முனையாக இருக்க வேண்டும். அப்போதுதான் ஒன்றோடு ஒன்று பல்லுப் பல்லாகக் கடித்துக்கொண்டு கட்டையைப் பிடித்து நிற்கும். ஆற்றுக் கூழாங்கல்லைப் போட்டால் உருளும். கட்டைக்கு அடியில் ஒரு சாண், ஒன்றேகால் சாண் தடிமனுக்காவது அது வேண்டும். வேலை இரண்டு: மேலிருந்து வரும் எடையைப் பரப்பிக் கீழே மண்ணுக்குக் கொடுப்பது, மழைநீரை நிற்கவிடாமல் வடியவைப்பது. நம் ஊர் மழைக்கு அந்த இரண்டாவது வேலைதான் உயிர். பக்கக் கால்வாய் தூர்ந்துபோய்த் தண்ணீர் தேங்கினால் அடிமண் குழம்பி ஜல்லிக்குள் ஏறும். அப்புறம் ஒவ்வொரு சக்கரம் போகும்போதும் கட்டை அமுங்கிச் சேற்றை மேலே பீச்சும். தடத்தின் ஓரம் வெளுத்த சேறு தெறித்த இடங்களைச் சன்னலிலிருந்து பார்த்திருப்பீர்கள். அங்கே போனதும் பெட்டி தூக்கிப் போடும், எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது இணைப்பு. இரண்டு தண்டவாளத் துண்டுகள் சேரும் இடத்தில் வெயிலுக்கு நீள ஒரு சிறு இடைவெளி விட்டு, இரு பக்கமும் ஃபிஷ்பிளேட் என்ற இணைப்புத் தகடு வைத்து போல்ட் முடுக்குவார்கள். டடக் டடக் என்ற சத்தம் அங்கேதான் பிறக்கிறது. போல்ட் தளர்ந்தால் இடைவெளி கூடும், சக்கரம் தண்டவாள முனையில் குத்தும், முனை மழுங்கும், அடியில் உள்ள கட்டை மற்றவற்றுக்கு முன்பே தாழும். தினமும் ஒருவர் சுத்தியலோடு நடந்து ஒவ்வொரு போல்ட்டையும் பார்க்க வேண்டும். தாழ்ந்த கட்டைக்கு அடியில் ஜல்லியை இடித்து நிரப்பித் தூக்க வேண்டும். இதைச் செய்கிற கேங்மேன் கூட்டம் குறைந்தால், மட்டம் கெடும். அகலப் பாதையும் கெடும், குறுகல் பாதையும் கெடும்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். இடது தண்டவாளம் வலதைவிட 10 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால், 1,676இன் மேல் நிற்கும் பெட்டியைவிட 1,000இன் மேல் நிற்கும் பெட்டி ஏறக்குறைய 1.7 மடங்கு சாயும். மீட்டர் கேஜ் மன்னிக்காது. அதற்குக் கூடுதலான கவனிப்பு வேண்டும். கவனித்தால் என்ன ஆகும்? மலேசியாவுக்குப் போய்ப் பாருங்கள். கோலாலம்பூருக்கும் ஈப்போவுக்கும் இடையே மணிக்கு 140 கிலோமீட்டரில் மின்சார வண்டி ஓடுகிறது. அதே 1,000 மில்லிமீட்டர். ஜப்பானின் பழைய பாதைகள் 1,067 மில்லிமீட்டர், நம்மைவிட நான்கு விரல்தான் கூடுதல். அங்கே ஓடிக் கழித்த பெட்டிகளின் சக்கரங்களை அந்த 67 மில்லிமீட்டர் உள்ளே தள்ளித்தான் ரங்கூன் வட்டப் பாதையில் விட்டார்கள். உங்கள் பிள்ளைகள் அந்தப் பெட்டியில் உட்கார்ந்துகொண்டு இந்திய ரயில் படம் பார்க்கிறார்கள்.

எஞ்சின் கதையும் கேளுங்கள். இந்தியா அகலப்படுத்திக்கொண்டே போனபோது ஒய்.டி.எம்.4 என்ற மீட்டர் கேஜ் டீசல் எஞ்சின்கள் வேலையின்றி நின்றன. அவற்றில் சில பர்மாவுக்கு வந்தன. மீட்டர் கேஜ் காலத்தில் எழும்பூரிலிருந்து கிளம்பும் வண்டியை விழுப்புரம் வரை மின்சார எஞ்சின் இழுக்கும்; விழுப்புரத்தில் அதைக் கழற்றிவிட்டு டீசலை மாட்டுவார்கள். அங்கிருந்து தெற்கே இழுத்தது இந்த ஒய்.டி.எம்.4 இனம்தான். காரைக்குடி வண்டியை இழுத்த சாதி எஞ்சின் இங்கே வந்து நம்மை இழுத்தது. இதையா பொம்மை என்கிறீர்கள்?

இப்போது அம்மாவின் கேள்வி. உங்கள் கடிதத்திலேயே நல்ல கேள்வி அதுதான்.

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை வழியாக வந்த பாதை காரைக்குடியைத் தாண்டி மானாமதுரையைத் தொட்டது 1930இல். அதற்கு முன்பு பர்மா வந்தவர்கள் வண்டி கட்டிக்கொண்டு எங்கேயோ போய் ரயிலேறினார்கள். தாத்தா கிளம்பியது 1934. அப்போது ஊருக்குப் பக்கத்திலேயே ரயில் வந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. சென்னைக்கு ரயிலில் வந்திருந்தால் அது இந்தப் பாதைதான், அந்த ரயில் சேர்ந்த இடம் எழும்பூர்தான். இன்று நிற்கிற அதே சிவப்புக் கட்டடம். கட்டி 26 ஆண்டுகள்தான் ஆகியிருந்தது. அங்கிருந்து அதே மீட்டர் கேஜ் துறைமுகத்தை ஒட்டிய கடற்கரை ஸ்டேஷன் வரை போனது, மின்சார ரயில் வந்து மூன்று ஆண்டுகள். பிறகு கப்பல். ரங்கூனில் இறங்கி மோல்மீனுக்கு வர அன்றைக்கு வழி, ரயிலில் பெகு, சிட்டாங் ஆற்றுப் பாலம், தாட்டோன் வழியாக மர்த்தபான் வந்து, அங்கே படகில் சால்வீன் ஆற்றைக் கடப்பது. ஆற்றின் மேல் பாலம் வந்தது 2000க்குப் பிறகு. ஆகக் காரைக்குடியிலிருந்து மர்த்தபான் வரை ஒரே அகலத் தண்டவாளம், நடுவில் கடல் மட்டும். இந்தப் பக்கம் ஏறிய பெட்டியும் அந்தப் பக்கம் ஏறிய பெட்டியும் ஒரே அளவு, ஒரே குலுக்கல், ஒரே டடக் டடக். புது தேசத்தில் ஓர் இளைஞனுக்குப் பழகிய சத்தம் அது ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

அம்மாவிடம் சொல்லுங்கள், கட்டடம் இருக்கிறது. காந்தி இர்வின் ரோடு முகப்பில் நின்றால் நடுவில் பெரிய குவிமாடமும் செங்கல் சிவப்புக்கு நடுவே வெள்ளை வளைவுகளும் தெரியும். உள்ளே போனதும் இடது வலது பார்க்காமல் மேலே பார்க்கச் சொல்லுங்கள். முன்பெல்லாம் நான்காம், ஐந்தாம் பிளாட்பாரங்களுக்கு நடுவே கார் உள்ளேயே வரும், பெட்டியின் வாசலிலேயே இறங்கலாம். இப்போது அது இல்லை. முதியவர்களுக்குப் பேட்டரி கார் உண்டு, சக்கர நாற்காலியும் கேட்டால் தருவார்கள். போர்ட்டர் வைத்தால் சிவப்புச் சட்டையும் கையில் பித்தளை வில்லையும் இருக்கிறதா என்று பார்த்து, கூலியை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்விடுங்கள். பெட்டி எண் எங்கே நிற்கும் என்று பிளாட்பாரப் பலகையில் வரும். அதன் நேரே அம்மாவை உட்காரவைத்துவிட்டுப் பிறகு தண்ணீர் வாங்கப் போங்கள்.

வண்டி விடியுமுன் காரைக்குடி வந்துவிடும், கொஞ்ச நேரமே நிற்கும். புதுக்கோட்டை தாண்டியதும் அம்மாவை எழுப்பி, மூட்டைகளை வாசல் பக்கம் நகர்த்திவிடுங்கள். இரவுப் பயணம் வேண்டாம் என்று தோன்றினால் திரும்பும்போது பல்லவன் எக்ஸ்பிரஸில் வாருங்கள், எண் 12606. காரைக்குடியிலிருந்து விடிகாலை கிளம்பும், எல்லாம் உட்காரும் இருக்கைகள். பகலில் சன்னலோரம் அம்மா ஊரைப் பார்த்துக்கொண்டே வரலாம்.

அன்புடன்